கண்முன் கேடும் மறைவுக் கேடும்: ஆனைகட்டி எல்லைப்புறத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாகச் செல்லும் சாலை, தமிழக எல்லையிலுள்ள ஆனைகட்டியைக் கடந்து பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்குள் நுழைகிறது. அளவிறந்த வளர்ச்சியால் கண்ணெதிரே நிகழும் அழிவு, அரசு அலுவலகங்களுள் மறைந்து நிகழும் முறைகேடு ஆகிய இரண்டனுள் உள்ளூர் மக்கள் இயக்கங்கள் எதனை முதன்மையாகக் கொள்ளவேண்டும் என்பதை இந்நிலப்பகுதியின் வரலாறு கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அட்டப்பாடியை அடுத்த அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்திற்கு 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சுகதகுமாரி முதலிய எழுத்தாளர்களும் அதனை எதிர்த்தனர். மூழ்கவிருந்த காடு அனைவர் மனக்கண்ணிலும் நின்றது. திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

அதே காலத்தில் அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் நிலங்கள் பிறர்வயமாகிக் கொண்டிருந்தன. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டளிக்கக் கேரளச் சட்டமன்றம் 1975-இல் சட்டம் இயற்றியது. அதற்குரிய விதிகளோ 1986-இல்தான் வகுக்கப்பெற்றன. இடைப்பட்ட பதினோராண்டு இழப்பைக் காட்ட வீழ்ந்த மரமோ மூழ்கிய காடோ இல்லை. நாடு முழுவதும் எழுந்த குரல் அதற்கு எழாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மறைவுக் கேடு கண்முன் கேட்டிற்குத் தாயாதலும் உண்டு. தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் குழிகளும் செங்கல் சூளைகளின் புகையும் யாவரும் கண்டவை. உரிய அனுமதியின்றி இயங்கிய அச்சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. அனுமதியற்ற தொழில் அதுவரை எவ்வாறு நடந்தது என்னும் வினா, குழியைவிட ஆழமானது.

எனின், ஊழலையே முதலில் எதிர்க்கவேண்டும் எனல் பொருந்துமோ? பொருந்தாது. கோப்பினைப் பின்னரும் திறக்கலாம். அகழ்ந்த மண்ணை மீளப்பெற இயலாது. ஆகவே கண்முன் கேடு காலத்தால் முந்தியது. மறைவுக் கேடு காரணத்தால் முந்தியது. வினைசெய்வான் நெறிதவறாமையை நாள்தோறும் ஆராய்தலை வள்ளுவர் மன்னன் கடனாக்கினார். மக்களாட்சியில் அக்கடன் மக்களுடையது; 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குரிய கருவி.

எனவே, இயந்திரத்தை நிறுத்துதல் முதற்பணி. நின்றதும் கலைந்து போகாமல், அதனை இயங்கவிட்ட கோப்பினைத் தேடிச் செல்லுதல் முழுப்பணி. முன்னதில் அமைந்துவிடும் இயக்கம், அடுத்த பள்ளத்தாக்கிலும் அதே போரைத் தொடங்க நேரிடும்.