அழைப்பும் பொறுப்பும்

முன்பின் அறியாத ஒருவரை எவ்வாறு அழைப்பது என்ற வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு வெறும் சம்பிரதாயமாகத் தோன்றினும், அவரை நம் உள்ளத்தில் எந்த ஸ்தானத்தில் இருத்தப் போகிறோம் என்னும் பெரிய வினாவையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. அராபிய மக்களின் அன்றாட சம்பாஷணையைக் கவனிக்குந்தோறும் இவ்வெண்ணம் என்னுள் உறுதிப்படுகிறது.

கெய்ரோ வீதிகளில் டாக்ஸி ஓட்டுபவரை, தொழிலில் தேர்ந்த ஆசானை அழைக்கும் மரியாதையோடு 'யா உஸ்தா' என்கிறார்கள். கடை வாசலில் அமர்ந்திருக்கும் நரைத்த முதியவர் மக்காவைக் கண்டவரோ காணாதவரோ, ஹஜ் யாத்திரை முடித்தவராகவே அவரைப் பாவித்து 'யா ஹாக்' என்று விலை கேட்கிறார்கள். பாஷா, பே முதலிய பட்டங்களை 1952-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் எகிப்திய அரசாங்கம் ஒழித்துவிட்டது; ஆயினும் பிரபுக்களிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டத்தைச் சாமானிய ஜனங்கள் தமக்குள் தாராளமாக வழங்கிக்கொண்டு, ஒருவரையொருவர் 'யா பாஷா' என்று அழைத்து மகிழ்கிறார்கள்.

இவற்றினும் என் நெஞ்சைத் தொடுவது வீட்டினுள் வழங்கும் ஒரு பழக்கம். லெபனான், சிரியா முதலிய நாடுகளில், 'அப்பா இங்கே இருக்கிறேன், நீ அஞ்சாதே' என்று கூறுவதைப் போல, தகப்பன் தன் சிறு குழந்தையையே 'பாபா' என்று அழைக்கிறான். குழந்தை தன்னை அழைக்கும் பெயரைக் குழந்தைக்கே திருப்பித் தந்துவிடும் அந்த வாத்சல்யத்தில், பெரியவன் சிறியவன் என்னும் பேதம் கரைந்துவிடுகிறது. நபிகள் நாயகத்தின் துணைவியாரும் பிள்ளைப்பேறு இல்லாதவருமான ஆயிஷா அம்மையார், தம் சகோதரியின் மகன் அப்துல்லாவின் பெயரால் 'உம்மு அப்துல்லா', அதாவது அப்துல்லாவின் தாய், என்று அழைக்கப்பெற்றதையும் இங்கே நினைக்கிறேன். உள்ளதைச் சொல்வதோடு நில்லாமல், இல்லாத கௌரவத்தையும் உறவையும் உவந்தளிப்பதே இத்தகைய அழைப்புகளின் தர்மம்.

ஆனால் அளித்ததாகச் சொல்வது வேறு, அளிப்பது வேறு. வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குச் சென்ற நம்மவரைப் பலர் 'சதீக்', அதாவது தோழன், என்று கூப்பிடுகிறார்கள். உண்மையான பிரியத்தோடு கூப்பிடுவாரும் உண்டு, ஆண்டுக்கணக்கில் உடனிருந்தும் பெயரைக் கேட்காமலே கூப்பிடுவாரும் உண்டு. சொல் ஒன்றே, பின்னதில் உயிர் இல்லை.

ஆதலால், இனிய சொல்லால் ஒருவரை அழைத்தவுடன் நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். முதியவரைப் புண்ணிய யாத்திரிகராகப் பாவித்து அழைத்தவன் அவரிடம் பேரத்தில் வஞ்சகம் செய்யலாகாது. தோழன் என்று அழைத்தவன் அத்தோழனின் பெயரையும் ஊரையும் அறிந்து, உழைத்த கூலியை உரிய நாளில் அவன் கையில் கொடுக்க வேண்டும்.