இமையைத் திருத்தலாமா?

உடல் வேறு, உயிர் வேறு என்று நாள்தோறும் சிந்திக்கக் கற்றவர்கள், அவ்வுடலின் ஒரு சிறு மடிப்பை அழகுக்காக அறுத்துத் தைத்துக்கொள்வது தகுமா? சென்ற ஆனி மாதத்தில் இவ்வினாவை என்னிடம் எழுப்பியவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. எழுப்பிய வேளைதான் எனக்குச் சங்கடமாக அமைந்தது. என் இரு மேலிமைகளிலும் தையல் பிரித்துப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. ஆசிரியப் பயிற்சி முடித்து, பணி நிமித்தமாகக் காரைக்காலுக்கு வந்தவள், இங்கேயே தங்கிவிட்டேன். நம்மவர் இல்லங்கள் இவ்வூரில் மிகச் சிலவே. ஜின தரிசனத்திற்கு மன்னார்குடிக்கோ தீபங்குடிக்கோ செல்வது வழக்கம். நான்கைந்து ஆண்டுகளாக என் மேலிமைத் தோல் தளர்ந்து, ஓட்டுக் கூரையின் இறவாரம் போலக் கண்மணியின்மேல் தொங்கத் தொடங்கியது. புருவத்தை உயர்த்தி உயர்த்திப் பார்த்ததில் மாலையானால் நெற்றி வலிக்கும். சுவாத்யாயத்திற்கு அமர்ந்தால் ஒரு கை நூலையும் மறு கை இமையையும் பிடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் முதுமையின் இயல்பென்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒருநாள் அரிசியில் இருந்த வண்டுகளைக் காணாமலேயே உலையில் இட்டுவிட்டேன். மருமகள் கண்டு சொன்னாள். அன்று நான் உண்ணவில்லை. மறுவாரமே புதுச்சேரிக்குச் சென்று கண் மருத்துவரைப் பார்த்தேன்.

நம் அறத்தில் பார்வைக்கு உள்ள இடத்தை வாசகர்கள் அறிவர். முனிவர்கள் முன்னே நிலத்தை நோக்கி, எறும்பும் புழுவும் மிதிபடாமல் அடி வைத்தல் ஈரியா சமிதி. ஆசார்ய சாந்திசாகர மகராஜ் 1955-ஆம் ஆண்டு குந்தல்கிரியில் சல்லேகனை மேற்கொண்டதற்குக் கண்பார்வை குன்றியதே காரணமாயிற்று. பார்வை போனபின் அகிம்சா விரதம் பழுதுபடும் என்பதால் அவர் உடலையே விடத் துணிந்தார். இல்லறத்தாராகிய நமக்கு அத்துணை உறுதி இல்லை. நமக்கு மருந்து விலக்கப்படவும் இல்லை. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது.

மருத்துவர் என்னை ஒரு கருவியின் முன் அமர்த்தினார். ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் இமைகள் தொங்கியவாறே ஒருமுறை. பின்னர் இமைகளை ஒட்டுநாடாவால் தூக்கி ஒட்டிவிட்டு ஒருமுறை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தபோது, முதற் படத்தில் மேற்புறம் முழுவதும் இருண்டிருந்தது. இமையைத் தூக்கும் தசையே தளர்ந்திருந்தால் அது வேறு நோய், அதற்கு அறுவையும் வேறு என்றும், எனக்குத் தோல் மட்டுமே மிகுந்திருக்கிறது என்றும் விளக்கினார்.

அறுவை பற்றி அறிய விரும்புவோர்க்குச் சில சொற்கள். மயங்கச் செய்வதில்லை, இமையில் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். அவ்வூசிதான் சற்று வலி. இமையின் இயற்கை மடிப்பிலேயே கீறி, மிகைத் தோலையும் சிலருக்குச் சிறிது கொழுப்பையும் நீக்கித் தைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். மறுநாள் கண்ணாடியைப் பார்க்காதிருத்தல் நலம். யாரோ அடித்துப்போட்ட முகம் தெரியும். குளிர் ஒத்தடமும் உயர்ந்த தலையணையும் வேண்டும். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. கன்றிய நீலம் இரண்டு வாரத்தில் மறையும். தழும்பு மங்கச் சில மாதங்கள் ஆகும். குனியக் கூடாது என்பதால் நான் சில நாள் நின்றவாறே கைகூப்பி வணங்கினேன். இதய நோய்க்கு ஆஸ்பிரின் போன்ற குருதி உறையா மருந்து உண்பவர்கள் அதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. தையலுக்கு விலங்கின் குடலிலிருந்து செய்த நூலும் உண்டு, நைலான் நூலும் உண்டு. நம்மவர் தயங்காமல் கேட்டு நைலானைப் பெறலாம். ஜெலட்டின் உறை மாத்திரைக்கு மாற்றாக வேறு மாத்திரையும், சூரியன் மறையுமுன் முடியும்படியான வேளைக் கணக்கும் நான் கேட்டபோது மருத்துவர் முகம் சுளிக்கவில்லை.

தீங்குகளையும் மறைக்கலாகாது. கண் வறண்டு உறுத்தலாம். தோலை மிகுதியாக நீக்கிவிட்டால் உறக்கத்தில் இமை முழுதும் மூடாது. கீழிமையில் செய்யும்போது இமை வெளிப்புறம் இழுபட்டுப் பிதுங்குவது உண்டு. மிக மிக அரிதாகக் கண்ணின் பின்புறம் குருதி கசிந்து பார்வையே போய்விடும். அறுவைக்குப் பின் கடும் வலியும் பார்வை மங்கலும் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனிப் பேத்தியின் வினாவுக்கு வருவோம். அவளுக்கு இருபத்தாறு வயது, சென்னையில் வேலை. அவள் தாயைப் போலவே கீழிமைகள் சற்று உப்பி, அடியில் கருமை படர்ந்திருக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மூதாட்டி, "பெண் எந்நேரமும் தூங்கி வழிகிறாளே" என்று அவள் காதுபடவே சொன்னார். அதன்பின் இரண்டு இடங்கள் வந்தன. இரண்டும் பதிலின்றி நின்றன. மாங்கனித் திருவிழா விடுமுறைக்கு வந்தவள், தனக்கும் இமை அறுவை செய்துகொள்ள வேண்டும் என்றாள்.

நான் ஆசிரியை அல்லவா? உடனே பாடம் எடுத்தேன். எண்வினைகளுக்குக் கோம்மடசாரம் முதலிய நூல்கள் கூறும் உவமைகளை நினைவூட்டினேன். தரிசனாவரணீயம், அரசனைக் காணவொட்டாமல் தடுக்கும் வாயிற்காவலனைப் போன்றது. நாமகருமம், பலவகை உருவங்களைத் தீட்டும் ஓவியனைப் போன்றது. "நான் சென்றது வாயிற்காவலனை விலக்க, நீ செல்ல நினைப்பதோ ஓவியனைத் திருத்த. முன்னது மருத்துவம், பின்னது மோகம்" என்றேன். பகுத்துச் சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டி, எதிர்வீட்டம்மா உங்களைப் பார்த்துப் பத்து வயது குறைந்துவிட்டதே என்றார்களே, அதன்பின் நீங்கள் எத்தனை முறை கண்ணாடி முன் நின்றீர்கள்?" என்று கேட்டாள்.

உண்மைதான். நின்றேன். வண்டுகளைக் காண்பதற்காகத் திறந்த கண், முதலில் தன்னையே கண்டு மகிழ்ந்தது. மோகனீயத்தைக் கள்ளுக்கு ஒப்பிட்டது எத்துணைப் பொருத்தம்! எழுபது வயதுக்கு மேலும் ஒரு மிடறு போதுமாயிருக்கிறது. அறுவைக்கு முன் என் நோக்கம் தூயது என்று சான்று கூறுவேன். அறுவைக்குப் பின்னைய என் மனத்திற்குச் சான்று கூற என்னால் இயலாது.

அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது வேறொன்றும் நினைவுக்கு வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியவர். நோய் நீங்கியும், அவர்களுடைய உதிர்ந்த புருவமும் அமிழ்ந்த மூக்கும் கண்டு ஊரார் ஒதுக்கினர். ஆகவே அவரும் உடன் பணியாற்றியோரும் தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவம் அமைத்தார்கள், மூக்கைச் சீர்செய்தார்கள். புருவம் இல்லாததால் எவர்க்கும் பார்வை குறைவதில்லை. அது ஓவியனைத் திருத்திய வேலையே. அதனை மோகம் என்று யார் சொல்லத் துணிவர்? ஔஷத தானம் என்றே நான் சொல்வேன். ஆக, என் பாகுபாடு ஓரிரவுகூட நிலைக்கவில்லை.

ஆனால் வேலூரில் உண்மையான பிணி எவரிடம் இருந்தது? பார்த்து ஒதுக்கியவர்களிடம் அல்லவா! என் பேத்தியின் செய்தியும் அத்தகையதே. தொழுநோயாளியின் துயரோடு அவள் துயரை ஒப்பிட நான் முற்படவில்லை. எனினும் நம் சமூகம் சிறியது. சம்பந்தம் செய்யக்கூடிய குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒருவர் சொன்ன சொல் ஒரு மாதத்திற்குள் எல்லா ஊர்களுக்கும் சென்றுவிடுகிறது. அசுசித்துவ பாவனையை, உடல் தூய்மையற்றது என்ற சிந்தனையை, குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அதே வாயால், பெண் பார்க்கும் கூடத்தில் அமர்ந்து நிறம், பல், இமை என்று மதிப்பெண் இடுகிறோம். என் மகனுக்குப் பெண் பார்த்த காலத்தில் நானும் இட்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் உயரத்தைச் சொல்லி மறுத்தோம். அவள் இன்று எங்கிருக்கிறாளோ!

மறுநாள் தெருவெங்கும் கூட்டம். காரைக்கால் அம்மையார் வரலாறு நம் சமயத்தைச் சார்ந்ததன்று. அதைப் பாடிய பெரிய புராணத்தில் நம் முன்னோர்க்கு நல்ல சொல்லும் இல்லை. ஆயினும் இவ்வூரில் வாழ்பவர்க்கு அவ்வரலாறு தெரியாதிராது. கணவன் விலகி, வேறு மணம் புரிந்து, தன் காலில் விழுந்து வணங்கியபின், அழகைத் தாங்கிய தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனியிலும் அவர் வற்றிய மார்போடும் எலும்போடும் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கிறார். நம் சனத்குமார சக்கரவர்த்தியும் அப்படியே. தேவர்கள் வந்து கண்ட பேரழகு நிலையற்றதென உணர்ந்து துறந்தார். பின்னர் மருத்துவ வடிவில் வந்த தேவனிடம், பிறவி நோய்க்கு மருந்து உண்டா என்று கேட்டார்.

இவ்விரண்டையும் பேத்தியிடம் சொன்னேன். "அம்மையார் தாமே வேண்டிக்கொண்டார், சக்கரவர்த்தியும் தாமே விட்டார். என்னிடம் மட்டும் எல்லாரும் சேர்ந்து விடச் சொல்கிறீர்கள்" என்றாள். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. துறவை ஒருவர் பொருட்டு மற்றொருவர் மேற்கொள்ள இயலாது என்பதை அறிந்தும், பாட்டி என்ற உரிமையில் அதைத்தான் செய்ய முயன்றிருக்கிறேன்.

தடுக்கவில்லை. என் மருத்துவரிடமே அழைத்துச் சென்றேன். உப்பலைக் குறைக்கலாம், கருமை இவ்வறுவையால் போகாது, முகம் வேறொரு முகமாகிவிடாது என்று அவர் தெளிவாகக் கூறினார். இதனை விரும்புவது யார் என்றும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் தலைகுனிந்துகொண்டேன். அவசரமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பதில் தராமல் நின்ற இரண்டு வீட்டாருக்கும், எங்களுக்கு இசைவில்லை என்று என் கையாலேயே கடிதம் எழுதிவிட்டேன். அறுவை பற்றி அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. தை மாதம் மீண்டும் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும். துணைக்கு நான் வரலாமா என்று கேட்டிருக்கிறேன்.