மேலுதட்டு மயிரும் மஞ்சளின் விலையும்

ஆணின் மேலுதட்டில் வளர்ந்தால் அதற்கு மீசை என்று பெயர். முறுக்கிவிட்டால் வீரம் என்று பெயர். அதே மயிர் ஒரு பெண்ணின் மேலுதட்டில் அரும்பினால் பூனைமயிர் என்று சொல்லிச் சிரிக்கிறோம். வள்ளுவர் மானம் என்னும் ஓரதிகாரத்திலேயே இருமுறை மயிரை உவமையாக எடுத்தாண்டார். அவர் பேசிய மானம், மனிதர் தம் நிலையினின்றும் தாழாதிருத்தல். தன் தோலில் இயல்பாக முளைத்த ஒன்றை எண்ணிக் கூசி ஒரு பெண் கண்ணாடி முன் தலைகவிழ்வது எந்த மானத்தில் அடங்கும்?

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், இக்கூச்சத்துக்கு வீட்டுக்கு வீடு பரிகாரம் உண்டு. பயற்றம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் தயிரிற் குழைத்து முகத்தில் அப்பிக் காயவிட்டு, மயிர் வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்து எடுப்பது ஒன்று. சீனியும் தேசிக்காய்ப் புளியும் சிறிது தண்ணீரும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் ஒட்டி இழுப்பது மற்றொன்று. பின்னது மெய்யாகவே வேலை செய்கிறது. பாகு மயிரைப் பற்றி வேரோடு பிடுங்குகிறது; சில வாரங்களுக்கு முகம் மழுமழுப்பாக இருக்கும். சூடு மிகுந்தால் தோல் வெந்துபோகும் என்பதும் மெய். முன்னதோ, தேய்க்கும் வலுவினால் சில மெல்லிய இழைகளை அறுத்தெடுப்பதன்றி வேறெதுவும் செய்வதில்லை. மஞ்சள் மயிரைக் கரைக்காது. தாய்லாந்து ஆய்வாளர் சிலர் மஞ்சளினத்தைச் சேர்ந்த வேறொரு கிழங்கின் எண்ணெயை அக்குளிற் பூசிப் பார்த்து, வளர்ச்சி சற்றே மந்தப்படக் கண்டனர். அது வேறு கிழங்கு. அடுப்படியில் உள்ள மஞ்சளன்று. சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்று பெண்களை அச்சுறுத்துவதும் பொய்யே. அமெரிக்க உடற்கூற்றறிஞர் மில்ட்ரெட் ட்ரொட்டர் 1928ஆம் ஆண்டிலேயே அளந்து பார்த்து அவ்வாறு நிகழ்வதில்லை என்று காட்டிவிட்டார்.

'இயற்கையானது, செலவில்லாதது' என்கிறார்கள். இவ்விரு சொற்களையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். முற்காலத்தில் மயிர் நீக்க அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசினர். இரண்டும் இயற்கை தந்தவைதாம். ஆனால் அரிதாரத்தில் இருப்பது ஆசனிக்கு நஞ்சு. செலவைப் பற்றியோ நம் நாட்டின் அண்மைய வரலாறே பேசும். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது, கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற பொருள் சில ஆயிரங்களுக்குத் தாவியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகுகளில் வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படையினர் கைப்பற்றிய செய்திகள், பொன் கடத்தற் செய்திகளைப் போலப் பத்திரிகைகளில் வெளிவந்தன. 2022 ஆகஸ்டில் அந்நியச் செலாவணி இல்லையென்று முந்நூறுக்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அழகுசாதனங்களும் அப்பட்டியலில் இருந்தன. கடைக்களிம்பும் எட்டாது, கொல்லை மருந்தும் எட்டாது என்ற நிலையிலும் கூச்சம் மட்டும் விலை குறையவில்லை.

இன்னொரு செலவை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. அது அவளுடைய நேரம். அரைப்பதும் குழைப்பதும் காயவிடுவதும் தேய்ப்பதுமாக வாரந்தோறும் கழியும் மணிக்கணக்கை யாரும் கூலியாகப் பெயர்ப்பதில்லை. பெண்ணின் நேரத்துக்கு விலையில்லை என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டவர்களே இதனைச் செலவில்லாதது என்று சொல்ல முடியும்.

இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? தொன்மை முழுவதையும் ஐரோப்பிய வியாபாரியின் தலையிற் கட்டிவிடல் நேர்மையாகாது. ஆனால் இருந்த கூச்சத்தைச் சந்தையாக மாற்றியவன் அவனே. கைகளை வெளிக்காட்டும் உடை மேல்நாட்டில் பரவியபோது, 1915இல் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்றே ஒரு சவரக் கத்தியை விற்கத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'கொரெம்லு' என்ற களிம்பு விற்பனையாயிற்று. எலிப்பாஷாணமாகப் பயன்பட்ட தாலியம் அதிற் கலந்திருந்தது. பூசிய பெண்களிற் சிலர் கால் விளங்காது போயினர், சிலர் பார்வையிழந்தனர்.

இந்நிலையில் இருவர் நீதிபதிகளாக வந்து நிற்கின்றனர். ஒருவர் பண்பாட்டுக் காவலர். மஞ்சள் பூசுவதே தமிழ்ப் பெண்ணுக்கு அழகு என்பார். மற்றவர் நமது பகுத்தறிவு நண்பர். இவ்வற்ப ஆசைகளை உதறித்தள்ளுங்கள் என்று மேடையில் முழங்குவார். அன்று காலையிலேதான் அவர் மீசையை அழகாகக் கத்தரித்துவிட்டு வந்திருப்பார். இருவரிடமும் நான் கேட்பது ஒன்றே: அவள் செய்யாது விட்டால் என்ன நடக்கும்? எதுவும் நடக்காதெனின் அது அவள் விருப்பம். எவரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. சம்பந்தம் பேச வந்தவர் முகம் சுளிப்பர், வேலைத்தலத்தில் பட்டப்பெயர் விழும் எனின், அது விருப்பமன்று, வரி. மட்டக்களப்பிலே குடி தாய்வழியே எண்ணப்படுகிறது. வீடும் வளவும் பெண்ணுக்கே எழுதப்படுகின்றன. வீட்டுக்கு உரியவளையும் அவ்வீட்டுக்கு வந்து சேரப்போகிறவன் முகம் பார்த்துத் தேறுகிறான் என்பது எத்தகைய முரண்!

வாவிக்கரையிலேயே வேறொரு வழக்கமும் உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் நம் முஸ்லிம் அயலவர்க்கு அக்குள் முதலிய இடங்களின் மயிரை நாற்பது நாளுக்கு மேல் வளரவிடலாகாது என்பது மார்க்க நெறி. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆண் மீசையையும் கத்தரிக்க வேண்டும். அதனை ஏற்பதும் ஏற்காததும் வேறு விடயம். ஆயினும் இருபாலார்க்கும் பொதுவான தூய்மை நெறி ஒருத்தியை மட்டும் தனியே நிறுத்தி நகைப்பதில்லை.

நகைப்பினால் விளையும் கேடு முகத்தோடு நிற்பதுமில்லை. முகவாயில் தடித்த மயிர் புதிதாக முளைத்து, மாதவிடாயும் ஒழுங்கு தவறுமாயின், அது ஆண் ஓமோன் மிகுதியால் நேர்ந்த சூலகக் கோளாறாக இருத்தல் கூடும். அதற்கு மருந்து பயற்றம்மாவன்று. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பரிசோதனைக்குப் பணம் கேட்பதில்லை. படுவான்கரையிலிருந்து வருபவளுக்கு வேண்டுவது பஸ் கட்டணமும் இழக்கும் நாட்கூலியும், எதற்காகப் போகிறாய் என்று வீட்டார் கேட்டால் கூசாமற் சொல்ல ஒரு சொல்லுந்தான்.