நாக்குக்குப் பதில் ஒரு முகம்

திருச்செந்தூரில் முகூர்த்த நாளென்றால் ஒரே காலையில் பல கல்யாணங்கள் நடக்கும். பந்தியில் உட்காரும் யாரும் ஆக்குப்புரையை எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே தவசிப்பிள்ளை கரண்டியை ஓங்கினாரா, தேங்காய் திருவுகிறவனை வைதாரா என்பதெல்லாம் இலைக்கு வந்து சேராது. அவியல் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்போம்; இல்லையென்றால் சீக்கிரமே மோருக்குப் போய்விடுவோம். அதே நாம் இரவில் டிவி முன் உட்கார்ந்து, ஒரு சமையல்காரர் தட்டைத் தூக்கி எறிவதைக் கண்கொட்டாமல் பார்க்கிறோம். கார்டன் ராம்சேயின் ‘ஹெல்ஸ் கிச்சன்’ 2004-ல் பிரிட்டனில் தொடங்கி, அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குப் போனது. அங்கே இருபது ஆண்டு கடந்தும் நின்றபாடில்லை. வேகாத இறைச்சியைப் பார்த்து அவர் கத்தும் துண்டுக் காட்சிகள் நம் செல்போன்களிலும் சுற்றுகின்றன.

கோபத்தை வேடிக்கை பார்ப்பது மனித சுபாவம் என்று இதை முடித்துவிடலாம். கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கானோர் கூடிப் பார்ப்பதும் ஒரு கோபத்தைத்தானே? ஆனால் அங்கே யானைமுகனும் சிங்கமுகனும் சூரனும் ஏன் விழுகிறார்கள் என்பதும், சூரன் கடைசியில் மயிலும் சேவலுமாகி முருகனிடமே சேர்ந்துவிடுவான் என்பதும் குழந்தைக்கும் தெரியும். காரணமும் முடிவும் கூட்டத்துக்கு ஏற்கெனவே சொந்தம். சமையல் போட்டியில் காரணமே நமக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்கிறார் நடுவர். கூடியதா இல்லையா என்று பார்க்க நமக்கு வழி கிடையாது. திரை வழியே வாசனையும் வராது, ருசியும் வராது. வருவது அவர் முகம் மட்டும். அதுவே நமக்கு நாக்காகிவிடுகிறது. லேசான முகச்சுளிப்பைப் பார்க்கிறவர் தவறவிடலாம், சிவந்துபோன முகத்தைத் தவறவிட முடியாது. கோபக்காரச் சமையல்காரரின் கவர்ச்சி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். நமக்காகச் சாப்பிட்டுப் பார்த்து, கண்டதை நமக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிற ஆள் அவர்.

சமையல் கலைஞர் வெங்கடேஷ் பட்டையே எடுத்துக்கொள்வோம். விஜய் டிவியின் ‘சமையல் சமையல்’ நிகழ்ச்சியில் அவர் அடுப்பருகே நின்று அளவையும் பக்குவத்தையும் நிதானமாகச் சொல்லித் தருவார். கோபத்துக்கு அங்கே வேலையில்லை. மறுநாள் வீட்டில் செய்து பார்த்து நம் நாக்காலேயே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம். 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக் வித் கோமாளி’யில் அவரே நடுவராக வந்தபோது, சமைக்கிறவர்களுக்குத் துணையாக நிற்கும் கோமாளிகளை அதட்டினார், துரத்தினார், செல்லமாக நாலு சாத்தும் சாத்தினார். ராம்சேயும் 2013-ல் ‘மாஸ்டர்செஃப் ஜூனியர்’ வந்தபோது குழந்தைகளிடம் கனிவாகத்தான் பேசினார். நிகழ்ச்சிக்குத் தக்கபடி ஏறி இறங்குகிற கோபத்தைப் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது? (இந்த விஷயத்தில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். வசவையும் அடியையும் கோமாளி பக்கம் திருப்பிவிட்டு, சமைக்கிறவரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.)

2009-ல் தொடங்கிய ‘மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா’வில் யாரும் கத்தவில்லையே, இந்தியாவில்கூட அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே நடுவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், பேசாமல் வெகுநேரம் மெல்லுகிறார்கள், சில சமயம் கண்கலங்குகிறார்கள். நாக்கின் வேலையை முகம் செய்தாக வேண்டிய கட்டாயம் அங்கும் இருக்கிறது. கோபம் அதற்குக் கிடைக்கும் மலிவான வழி, அவ்வளவே. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நூறு தட்டு ஒரே நேரத்தில் போக வேண்டிய அடுப்படியில் அதட்டல் இல்லாமல் காரியம் நடக்காது, திரை காட்டுவது நிஜத்தைத்தான் என்பார்கள். அவசரம் நிஜம், வேகாத கோழி ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் என்பதும் நிஜம். ஆனாலும் பெரிய ஓட்டல்களின் அடுப்படியைப் பட்டாளம்போலப் பிரித்து ஒழுங்குபடுத்திய எஸ்கோஃபியே, 1890-ல் லண்டன் சவாய் ஓட்டலுக்கு வந்தவர், தன் ஆட்களிடையே கூச்சலையும் கெட்ட வார்த்தையையும் அனுமதிக்கவில்லை. வெக்கைக்கு மதுவைத் தேடியவர்களுக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்தார். ஒழுங்கைப் புகுத்தியவருக்கே கத்தல் தேவைப்படவில்லை.

அதற்காகச் சாந்தமான நடுவரெல்லாம் நல்ல முதலாளி என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலிய நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் நடுவராக இருந்த ஜார்ஜ் கலோம்பாரிஸின் உணவக நிறுவனம், ஊழியர்களுக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளமாகச் சுமார் 78 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தர நேர்ந்த செய்தி 2019-ல் வெளிவந்தது. முகம் ருசிக்குச் சாட்சி சொல்லலாம். சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் சொல்லாது. திரையில் திட்டு வாங்குகிறவர் எல்லாம் தெரிந்து, கையெழுத்துப் போட்டு, பரிசை எதிர்பார்த்து வந்தவர். கேட்டரிங் படித்துவிட்டு முதல் வேலைக்குச் சேர்ந்த பையன் அதே வசவைக் கேட்கும்போது அவனுக்குப் பரிசும் கிடையாது, பரிந்து பார்க்க ஆளும் கிடையாது. அவனைத் திட்டுகிற சீனியர் அந்தத் துண்டுக் காட்சிகளைப் பார்த்தே வளர்ந்தவராகவும் இருக்கக்கூடும்.