விடை சொல்லாத வாத்தியார்

1997 மே மாதம் நியூயார்க்கில், ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டரிடம் காஸ்பரோவ் தோற்றபோது, 'செஸ் இனி அவ்வளவுதான்' என்றார்கள் பலர். ஆகவில்லை. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச சாஃப்ட்வேரை உங்கள் செல்போனில் போட்டால், உலக சாம்பியனையே அது தோற்கடிக்கும். அப்புறம் கோச் எதற்கு, மாசாமாசம் ஃபீஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா?

நியாயமான கேள்விதான். செயற்கை அறிவுக்குக் கோபம் வராது. பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை பார்க்காது. நல்ல கோச் இல்லாத ஊரில் இருக்கும் ஒரு சிறுமிக்கு அது வரப்பிரசாதம். மனித கோச்சுகளில் திட்டுகிறவர், அடிக்கிறவர், அதைவிடக் கேவலமானவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் சென்னை குகேஷைக் கொஞ்சம் பாருங்கள். மற்ற பிள்ளைகள் இன்ஜினைத் தட்டி விடை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய கோச் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐத் தாண்டும்வரை பையனை இன்ஜின் பக்கமே விடவில்லை. தானே யோசித்து, தானே தப்பு செய்து பழகினார் குகேஷ். 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன்.

கவனியுங்கள். இன்ஜினுக்கு விடை தெரியும். அதை எப்போது காட்டக் கூடாது என்பது வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது.

நாளைக்கு மெஷின் அதையும் கற்றுக்கொள்ளலாம். 2017-ல் ஆல்ஃபாஸீரோ, விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தனக்குத்தானே ஆடியே சில மணி நேரத்தில் ஸ்டாக்ஃபிஷை முந்தியது. 'இந்தப் பிள்ளைக்கு இப்போ விடை வேண்டாம்' என்று முடிவெடுக்கும் சாஃப்ட்வேர் வரவே வராது என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

என் கேள்வி வேறு. விஷ்ணுவின் கணக்கு தப்பாகப் போயிருந்தால்? மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக, டாக்டரான அப்பா தன் வேலையையே நிறுத்திவைத்திருந்தார். அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். மெஷினும் 'ஸாரி' சொல்லும். ஆனால் அன்று ராத்திரி அதற்குத் தூக்கம் கெடாது.

ஜெயிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களிடம் ஒருநாள், 'போதும்ப்பா, படிப்பைப் பார்' என்று யாராவது சொல்லியாக வேண்டும். மெஷின் போடும் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும், ஒரு பிள்ளையின் பத்து வருஷக் கனவை முடித்துவைக்கிறவர், அந்தப் பத்து வருஷமும் அதோடு சேர்ந்து தோற்றவராக இருக்க வேண்டாமா?

உங்கள் பிள்ளை என்றால், யார் வாயால் அதைக் கேட்கச் சம்மதிப்பீர்கள்?