பிணிக்கு நிதானம்

ஸ்ரீ:

திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பேச்சற்றுக் கிடக்கிறார். பருவமெய்திய அப்பெண்பிள்ளை மெலிந்து மயங்குவதைக் கண்டு பெற்ற தாய் பதறுகிறாள். கட்டுவிச்சி வருகிறாள், வெறியாடலும் கள்ளும் இறைச்சியுமாக வீடு அமளிப்படுகிறது. அப்போது தோழி குறுக்கிட்டுத் தடுக்கிறாள். நீங்கள் எண்ணிய நோயன்று இது, கண்ணனை நினைந்து வந்த நோய். அவன் திருநாமத்தைச் சொல்லுங்கள், அவனடியாரின் பாததூளியை இடுங்கள் என்கிறாள்.

தேவதாந்தர பஜனம் கூடாதென்பது இப்பதிகத்தின் உட்பொருள். அதனைப் பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களில் விரிவாக ஸேவிக்கலாம். இங்கே நோக்கத்தக்கது தோழியின் ஸாமர்த்தியம். அவள் மருந்தே வேண்டாமென்றாளில்லை. நோய் இன்னதென்று அறியாமற் செய்யும் மருந்தையே விலக்கினாள். நோயின் காரணத்தை ஆராய்ந்தறிவதை ஆயுர்வேதம் ‘நிதானம்’ என்று சொல்லும். நாம் வழங்கும் பேச்சிலோ நிதானம் என்றால் மெதுவாகச் செய்தல் என்றாகிவிட்டது. நம் தாய்மார்கள் நோய் விஷயத்தில் இந்த இரண்டாவது நிதானத்தைத்தான் கைக்கொள்கிறார்கள்!

மஞ்சக்குட்டையைச் சூழ்ந்த இம்மலைகளில் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் தாய்க்கு ஓய்வேது? விடியுமுன் அடுப்பு, விடிந்தால் தோட்டம், இருட்டினால் மறுபடி அடுப்பு. பழம் முடிந்தால் மிளகு. மகளுக்கோ பள்ளிக்கூடம், பொதுத்தேர்வு. தாய்க்கு மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான பின் மீண்டும் உதிரம் படுகிறது. ‘பெண்ணின் பரீட்சை முடியட்டும்’ என்று வாய் திறவாள். மகள் படியேறும்போது கண் இருண்டு அமர்ந்துவிடுகிறாள். ‘அம்மா வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம்’ என்று அவளும் சொல்லாள். ஒருவர்மேல் ஒருவர் வைத்த பரிவே இருவர் நோயையும் மறைத்து வளர்க்கிறது. மகளுடையது இரத்தசோகையானால் இரும்புச்சத்து மாத்திரையிலும் உணவிலும் பெரும்பாலும் தீரும். தாயினுடையது கருப்பைவாய்ப் புற்றாகவும் இருக்கலாம். தொடக்கத்திலே கண்டால் குணப்படுத்தத்தக்க நோய் அது. காலம் கடந்தால் அரிது.

‘எல்லாம் ப்ராரப்த கர்மம், பெருமாள் பார்த்துக்கொள்வார், வைத்தியனிடம் ஓடுவது சரணாகதிக்குக் குறையன்றோ’ என்பாரும் உண்டு. குலசேகராழ்வார் வித்துவக்கோட்டம்மானைப் பாடிய பதிகத்தை அவர்கள் நினைக்க வேண்டும். முதற் பாசுரத்தில், சினந்து விலக்கினாலும் தாயின் அருளையே நினைந்து அழும் குழந்தையைக் காட்டினார். நான்காம் பாசுரத்தில், அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைக் காட்டினார். எம்பெருமானுக்கு ஒப்பாக மருத்துவனைச் சொல்ல ஆழ்வார் கூசவில்லை. மருத்துவன் வாசலை மிதிக்க அடியார் கூசுவதென்ன?

கோயில்களும் கூசவில்லை. காஞ்சிபுரத்துக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதி உளது. வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை நடந்ததைச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகிய அனைவருக்கும் ஜீவிதம் ஏற்படுத்தியிருந்தார்கள். வேதபாடசாலையும் ஆதுலசாலையும் ஒரே திருமதிலின் ஆதரவில் நடந்தன. திருவரங்கத்தில் தன்வந்திரி ஸந்நிதியை இன்றும் ஸேவிக்கலாம்.

பிற்காலத்திலும் ஒரு குடும்பத்துத் துயரம் பலருக்குப் புகலிடமாயிற்று. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தாமே மருத்துவர், இருந்தும் காக்க இயலவில்லை. அந்தத் துக்கத்தை அவர் முப்பது ஆண்டுகள் சுமந்து, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அப்போது அங்கிருந்தவை 12 படுக்கைகளே. திருமுக்கூடலுக்கு மூன்று குறைவு!

உற்சவம் ஸேவித்துத் திரும்புகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சேலம். அங்கே அரசு மருத்துவமனை உளது. தீர்த்தமும் துளஸியும் பெற்றுக்கொண்ட தாயும் மகளும் இம்முறை அங்கும் ஒரு நடை இறங்கிவிட்டு வரட்டும். தோட்டத்துப் பழம் ஒரு நாள் காத்திருக்கும்.