பலர் நன்மையும் சிலர் வழக்கும்

நாட்டு நலம் என்னும் சொல் பெருமை மிக்கது. அதனாலேயே அச்சத்திற்கும் உரியது. அச்சொல்லின் பெயரால் அணைகள் எழுந்துள்ளன, சாலைகள் விரிந்துள்ளன, ஊர்கள் மறைந்தும் உள்ளன. பலர் வாழச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்பது எளிதில் சொல்லப்படும் நீதி. ஆயின், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஒரு திட்டத்தைத் தீட்டி, மக்களவையும் அதற்கு இசைவளித்த பின்னர், அதனைத் தடுக்கக் கோரிச் சிலர் நீதிமன்ற வாயிலில் நிற்பது முறையாகுமா? இவ்வினாவை ஆராய இலண்டன் ஹீத்ரோ விமான நிலைய வழக்கு தக்க சான்றாகும்.

ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. மூன்றாவதற்கு வழிவகுக்கும் கொள்கை அறிக்கையை 2018 சூன் 25ஆம் நாள் பிரிட்டிஷ் மக்களவை ஏற்றது. ஆதரவாக 415 வாக்குகளும் எதிராக 119 வாக்குகளும் விழுந்தன. திட்டம் நிறைவேறினால் 700க்கும் மேற்பட்ட வீடுகள் இடிபடும்; ஹார்மண்ட்ஸ்வொர்த் என்னும் சிற்றூரின் பெரும்பகுதி மறையும். 15ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்ற மரக் களஞ்சியம் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. வணிகம் பெருகும், வேலைகள் கிடைக்கும் என்றது அரசு. காற்று கெடும், இரைச்சல் மிகும், உலகின் வெப்பம் கூடும் என்றனர் எதிர்த்தோர். அண்டை நகராட்சிகள், இலண்டன் மேயர், சுற்றுச்சூழல் அமைப்புகள் எனப் பலரும் வழக்குத் தொடுத்தனர்.

2019 மே மாதம் உயர் நீதிமன்றம் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. 2020 பிப்ரவரி 27ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றமோ கொள்கை அறிக்கை சட்டத்திற்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. உலக வெப்பத்தைக் கட்டுப்படுத்த 2015இல் பாரிசில் கண்ட உடன்படிக்கையை அரசு கணக்கில் எடுக்கவில்லை என்பதே காரணம். ஓடுபாதை வேண்டுமா வேண்டாவா என்பதைத் தாம் முடிவு செய்யவில்லை என்பதையும் நீதிபதிகள் தெளிவாகக் கூறினர். அரசு மேல்முறையீடு செய்யவில்லை; விமான நிலைய நிறுவனம் செய்தது. அவ்வாண்டு திசம்பர் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றியது.

பெரும்பான்மையோர் முடிவைச் சிலர் மறிப்பது மக்களாட்சிக்கு இழுக்கு என்பாரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இத்தகைய அறிக்கை, பருவநிலை மாற்றம் பற்றிய அரசின் கொள்கையை எவ்வாறு கருத்திற் கொண்டது என்பதை விளக்குதல் வேண்டும் என 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் விதிக்கிறது. அச்சட்டத்தை இயற்றியதும் நாடாளுமன்றமே. எனவே வழக்குத் தொடுத்தோர் மக்களாட்சியை எதிர்க்கவில்லை. அது கொடுத்த வாக்கை அதற்கே நினைவூட்டினர். தன் சட்டத்தை மாற்ற மன்றத்திற்கு உரிமை உண்டு. ஆனால் அதை வெளிப்படையாக மாற்றுதல் வேண்டும். சட்டத்தை ஏட்டில் வைத்துக்கொண்டே அதன் வழி நில்லாதிருக்க எந்தப் பெரும்பான்மைக்கும் உரிமை இல்லை.

மற்றொன்றும் எண்ணுதற்குரியது. வாக்குச் சாவடியில் தலைகள் எண்ணப்படுகின்றன. இன்னும் பிறவாதோர்க்கு அங்கே வாக்கில்லை. அவர்கள் சுவாசிக்கப்போகும் காற்றைப் பற்றிய முடிவில் அவர்களது எண்ணிக்கை சுழியமே. நீதிமன்றத்திலோ, எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட என்ன காரணம் கொண்டு வந்தனர் என்பதே கேள்வி. ஒரு சிலர் பேசினும் அவர்தம் சொல்லுக்கு அரசு மறுமொழி கூறியாக வேண்டும். வழக்கினால் காலம் வீணாகிறது என்பர். காலத்தாழ்வின் இழப்பைப் பணத்தில் கணக்கிட்டுக் காட்டுவோர் உண்டு. அவசரத்தின் இழப்பைச் சுமப்போர் கணக்கேட்டில் இடம்பெறாதவர்கள். பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஆராய்ந்து செய்தலை ஆள்வோரின் கடமையாகவே வைத்தார்.

எனினும் நீதிமன்றத்தின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். எண்ணிப் பார்த்தாயா என்று அது கேட்கும். எண்ணிய பின்னர் எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதைப் பெரும்பாலும் அரசிடமே விட்டுவிடும். வியன்னா விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதையை, பருவநிலை நலனைக் காரணம் காட்டி, ஆஸ்திரியாவின் நிர்வாக நீதிமன்றம் ஒன்று 2017 பிப்ரவரியில் மறுத்தது. அவ்வாண்டு சூன் மாதமே அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஹீத்ரோ திட்டத்திற்கும் 2025 சனவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் மீண்டும் ஆதரவு தெரிவித்தார். தீமையைக் கருதிப் பார்த்து, கருதியதை ஏட்டிலும் பதிந்து, பின்னர் அதனையே செய்பவனைச் சட்டம் தடுக்க இயலாமற் போகலாம்.

அவ்வாறாயின் வழக்குகள் வீணா? அல்ல. மறைவில் எடுக்கப்பட்ட முடிவைக் காரணங்களுடன் வெளிச்சத்தில் நிறுத்துகின்றன. இழப்பவரை, கேட்கப்படும் உரிமையுடைய மனிதராக மதிக்கின்றன. எஞ்சிய எடைபோடும் கடமை நம்முடையது. விமானத்தில் ஏறும் நாம் அனைவரும் அந்த ஓடுபாதையின் பயனாளிகள். பயணச் சீட்டில் எழுதப்பட்ட விலைக்கு அப்பால், வேறொருவர் தம் வீட்டாலும் உறக்கத்தாலும் தரும் விலையும் உண்டு. அவ்விலையை அறிந்த பின்னும் பலர் நன்மை என்று சொல்ல நம் நெஞ்சு துணியுமா என்பதை எந்த நீதிபதியும் நமக்காகத் தீர்க்க இயலாது.